ஒத்தடி

ஆஸ்பத்திரிக் கழிவை எரிக்கும் சூளை வந்த மூன்றாம் வருஷத்து மாசியில், ஆவாரங்குண்டின் தெருக்களில் இரவெல்லாம் விழுந்து படிந்திருந்த சாம்பலின் மேல், விடியும்போது ஒற்றைக் கால்களின் தடங்கள் தெரிய ஆரம்பித்தன. முதல் நாள் வந்தது ஒரு இடது கால். சூளையின் கம்பிவேலி அடியில் தொடங்கி, வண்டிப்பாதை வழியாகக் கண்மாய்க்கரை ஏறி இறங்கி, வலது கால் விழ வேண்டிய இடங்கள் எல்லாம் வெறுமையாக இருக்க, ஊருக்குள் வந்து ரேஷன் கடை வாசலில் நின்றிருந்தது. அதற்கு மேல் தடம் இல்லை. நொண்டியடித்து வந்த கால் என்றால் முன்பாதம் ஆழமாகப் பதிந்திருக்கும், இது நிதானமாக எட்டுவைத்து வந்த கால், இன்னொரு காலும் கூடவே வருகிறது என்ற நினைப்பில் நடந்திருக்கிறது என்று ஆடு மேய்க்கும் மீனாள் சொன்னாள்.

ஆவாரங்குண்டு ஆட்டுக்காரர்களின் ஊர். அங்கே பிறந்தவர்களுக்கு எழுத்துக்கு முன்னால் தடம் தெரியும். நாற்பது ஆடு போன புழுதியில் நாற்பத்தோராவதாகப் பக்கத்து மந்தைக் கிடா ஒன்று கலந்து போயிருப்பதை நின்ற இடத்திலிருந்தே சொல்வார்கள். ஆகவே யாரும் பயப்படவில்லை. ரேஷன் கடை வாசலில் கூடி நின்று, ஐம்பது வயதிருக்கும், கனத்த உடம்பு, சுண்டுவிரலை முன்னமே எடுத்துவிட்டார்கள் என்று ஆளுக்கு ஒன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கிருந்து வந்தது என்பதிலும் யாருக்கும் சந்தேகம் இல்லை.

"சர்க்கரைக்காரங்க காலு," என்றார் டீக்கடை மாயழகு. ஊரின் மனுக்களை எல்லாம் எழுதுகிறவர் அவர்தான். "ஆஸ்பத்திரியில வெட்டுனதை மஞ்சப்பையில கட்டி அனுப்புறான். நம்ம ஊருல வச்சு எரிக்கிறான்."

"மஞ்சப்பையா? தாம்பூலமா குடுத்து விடுறான்?" என்றாள் மீனாளின் பக்கத்து வீட்டு இருளாயி.

எல்லோரும் சிரித்தார்கள், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அந்த ஊரில் எந்தச் சிரிப்பும் அப்போது இருமலில்தான் முடிந்தது. சூளையின் உயரமான புகைக்குழாய் தெற்கே நின்றது. காற்று தெற்கிலிருந்து வரும் மாதங்களில் புகை ஊரின் மேல் ஒரு கூரையைப் போல் இறங்கி, உரித்த தோலும் பிளாஸ்டிக்கும் ஒன்றாகக் கருகிய வாடையோடு உட்கார்ந்திருக்கும். சினையாடுகள் மூன்றாம் மாதத்திலேயே குட்டி போட்டன. புளிய மரங்கள் பூத்துப் பிஞ்சு பிடிக்காமல் உதிர்த்தன. பள்ளிக்கூடத்தில் காலையில் பிள்ளைகள் பாடும் பாட்டைவிட இருமல் சத்தமாகக் கேட்டது. ஊர் நாலு தடவை மனு கொடுத்திருந்தது, இரண்டு தடவை சாலையில் உட்கார்ந்திருந்தது. ஒரு தடவை அளவெடுக்க ஆள் வந்தபோது சூளை அணைத்துவைக்கப்பட்டிருந்தது, குழாயின் உச்சியில் ஒரு காகம் கூட உட்கார்ந்திருந்தது. புகை அளவுக்குள் இருப்பதாகப் பதில் வந்தது.

தடங்கள் நாள்தோறும் வந்தன. ஊர் அவற்றுக்கு ஒத்தடி என்று பெயர் வைத்தது. நேத்து எத்தனை ஒத்தடி என்று கேட்பது நேத்து மழையா என்று கேட்பதைப் போல ஆயிற்று. பெண்கள் தடம் பார்த்து முடித்த பிறகே வாசல் பெருக்கினார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குத் தெருவின் ஓரமாக நடந்துபோனார்கள். எந்த வீட்டு வாசலில் தடம் முடிகிறதோ அந்த வீட்டுக்காரர்கள் அதன் முன்னால் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள், அதைச் செய்யச் சொன்னது யார் என்று யாருக்கும் நினைவில்லை. மீனாள் தன் ஆடுகளைத் திறந்துவிடுவதற்கு முன் தெருத்தெருவாகப் போய்ப் பார்த்துச் சொல்வாள். இது தறி மிதித்த கால். இது வெறுந்தரையே அறியாத கால், செருப்பிலேயே வளர்ந்தது. இது மெட்டி போட்டது, போட்டு முப்பது வருஷம் இருக்கும், விரல் மெட்டிக்குள் இறுகி மெலிந்திருக்கிறது. ஒரு காலை ஒரு சின்னஞ்சிறிய கால் வந்தது. அது சர்க்கரைக்கு எடுத்த கால் இல்லை, லாரியோ பஸ்ஸோ ஏறிய கால். வீடு வீடாக நின்று நின்று போய் பள்ளிக்கூடத்துக் குழாயடியில் அது முடிந்திருந்தது. அன்று ஊரில் யார் வீட்டிலும் அடுப்பு எரியவில்லை.

அந்தப் பக்கத்து ஊர்களுக்குத் தடத்தைப் பற்றி ஒரு வழக்கம் உண்டு. களவுபோன ஆட்டின் தடத்தைப் பிடித்துப் போகிறவர்கள், அது எந்த ஊர் எல்லைக்குள் நுழைகிறதோ அந்த ஊர்க்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். தடம் எங்கள் எல்லையை விட்டு வெளியே போய்விட்டது என்று அவர்கள் காட்டிவிட்டால் பொறுப்பு அடுத்த ஊருக்குப் போகும். காட்ட முடியாவிட்டால், திருடியவன் எவனாக இருந்தாலும், தடம் முடிந்த ஊர்தான் பதில் சொல்ல வேண்டும். இதை யாரும் எழுதிவைத்ததில்லை.

மாயழகு எழுதினார். ஆறு மாதத்தில் வந்த நானூற்றுப் பன்னிரண்டு கால்களையும் வலது இடது பிரித்து, நீளம் அகலம் குறித்து ஐந்தாவது மனுவை எழுதினார். சுற்றிலும் உள்ள மூன்று சின்ன ஆஸ்பத்திரிகளின் கழிவை எரிக்கத்தான் சூளைக்கு அனுமதி. அந்த மூன்றிலும் கால் எடுக்கிற டாக்டரே கிடையாது. அப்படியானால் இத்தனை கால்களும் எத்தனை ஊர் தாண்டி வருகின்றன என்று கேட்டிருந்தார். கேட்டுவிட்டு, நேர்மையாக எழுதும் மனுவில் நமக்கு உரியதையும் எழுத வேண்டும் என்று தோன்றியதால் கடைசியில் இப்படிச் சேர்த்தார்: 'இந்தக் கால்கள் யாவும் எங்கள் ஊருக்குள் வந்து எங்கள் ஊரிலேயே முடிகின்றன. வெளியே போன தடம் ஒன்றுகூட இல்லை. ஆகவே இவற்றுக்கு எங்கள் ஊரே பொறுப்பு.' படித்துக் காட்டியபோது ஊர் தலையசைத்தது. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

விசாரணைக்குப் பத்து நாள் இருக்கையில், ஆவணி மாதத்தில் ஒரு காலை, மீனாளின் வீட்டுக்கு ஒரு வலது கால் வந்தது.

மீனாளின் புருஷன் ஒன்பது வருஷத்துக்கு முன் போர்வெல் லாரியோடு கிணறு தோண்டப் போனவன். முதல் இரண்டு பொங்கலுக்கு வந்தான். பிறகு வரவில்லை. வடக்கே அவனுக்குக் குடும்பம் இருக்கிறது என்று சிலரும், செத்துப்போனான் என்று சிலரும் சொன்னார்கள். மீனாள் இரண்டையும் சொல்லவில்லை. ரேஷன் கடையில் கேட்டாலும் கல்யாண வீட்டில் கேட்டாலும் ஒரே பதில்தான்: வேலைக்குப் போயிருக்காரு. ஒன்பது வருஷத்தில் அந்த வாக்கியத்தில் ஒரு சொல்லைக்கூட அவள் மாற்றியதில்லை.

வாசலில் விழுந்திருந்த தடத்தை அவள் குனிந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. பெருவிரலின் மேல் இரண்டாம் விரல் ஏறிய கால் அது, குதிகாலில் கோடைகாலத்துக் கண்மாய் வெடிப்பைப் போல மூன்று கிளைகளாகப் பிரிந்த வெடிப்பு. கதவு சாத்தியிருந்தது அதற்கு ஒரு தடையாக இருக்கவில்லை. ஓட்டு இடுக்குகளின் வழியாக வீட்டுக்குள்ளும் சாம்பல் இறங்கும். அந்தச் சாம்பலில், நிலைப்படியைத் தாண்டி இரண்டு எட்டு உள்ளே வந்து நின்றிருந்தது.

செய்தி கேட்டு இருளாயி வந்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"ஒம்பது வருசம் கழிச்சு ஒத்தக்கால்ல வந்திருக்காரே மதினி, எங்க அண்ணன்."

"வரட்டும்," என்றாள் மீனாள். "உள்ளதான வந்திருக்கு."

"மிச்ச ஆளு எங்கயாம்?"

"வேலைக்குப் போயிருக்காரு."

இருளாயி ஒரு செம்பில் தண்ணீர் எடுத்து வைத்துவிட்டுப் போனாள். மீனாள் அந்த இடத்தைப் பெருக்கவில்லை, மெழுகவில்லை, அடுப்பைச் சுவர்ப் பக்கம் நகர்த்திவைத்து அந்தக் காலைச் சுற்றி நடந்து சமைத்தாள். அவளுக்கு ஒரு கணக்கு மட்டும் திரும்பத் திரும்ப ஓடியது. மூடிய வண்டி அவன் காலை எடுத்த ஆஸ்பத்திரியிலிருந்து புறப்பட்டு, நாற்றம் எடுப்பதற்குள் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. அப்படியானால் அவன் வடக்கே எங்கும் இல்லை. சூளைக்குப் பை வந்து சேரும் தூரத்தில்தான், ஒரு பகலில் பஸ் ஏறி வரக்கூடிய தூரத்தில்தான், இருந்திருக்கிறான்.

விசாரணை ஊர்ச் சமுதாயக் கூடத்தில் நடந்தது. அதிகாரி மரியாதையான மனிதர். தடங்களைப் பற்றி அவர் ஆச்சரியம் எதுவும் காட்டவில்லை, அவற்றின் நீள அகலங்களைத் தன் அளவுகோலால் சரிபார்த்துக்கொண்டார். சூளை ஆலையின் மேலாளர் பதிவேட்டைத் திறந்து மூன்று ஆஸ்பத்திரிகளின் பெயர்களை மட்டும் படித்தார். பைகளில் எண்தான் இருக்கும், ஆள் பெயர் இருக்காது என்றார். தடம் பார்க்கிறவள் என்று மீனாளைக் கூப்பிட்டார்கள்.

"இதுல எந்தக் காலாவது யாரோடதுன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டார் அதிகாரி. "வெளியூர் ஆஸ்பத்திரியில கால் எடுத்த ஒரு ஆளை அடையாளம் காட்டினாலே போதும்."

"ஒண்ணு தெரியும்."

"யாரோடது?"

"எங்க வீட்டுக்காரரு."

"பேரு?"

மீனாள் சுவரைப் பார்த்தாள். அவள் புருஷன் பெயரை வாயால் சொன்னதே கிடையாது, அந்த ஊரில் எந்தப் பெண்ணும் சொன்னதில்லை. கூட்டத்தின் பின்னாலிருந்து இருளாயியின் தம்பி எழுந்து பெயரைச் சொல்ல வாயெடுத்தான்.

"அவங்க சொல்லணும்," என்றார் அதிகாரி. கொஞ்ச நேரம் காத்திருந்தார். "சரி, இப்ப அவர் எங்க இருக்கார்?"

"வேலைக்குப் போயிருக்காரு."

அதிகாரி, பெயர் கூறவில்லை, பணியில் உள்ளார் என்று இரண்டு வரி எழுதிக்கொண்டார். பிறகு மனுவின் கடைசிப் பக்கத்தை எடுத்து மாயழகுவிடம் நீட்டினார்.

"இது நீங்களே எழுதினதா?"

"நானே எழுதுனது சார்."

"இதுல இருக்கறது உண்மைதானா?"

"ஒரு எழுத்துப் பொய்யில்ல சார்," என்றார் மாயழகு. அவர் குரலில் பெருமை இருந்தது.

பதினைந்து நாளில் உத்தரவு வந்தது. மேற்படி கால்கள் தங்கள் ஊரிலேயே முடிவதாகவும் அவற்றுக்குத் தாங்களே பொறுப்பு என்றும் மனுதாரர்கள் எழுத்துமூலம் ஒப்புக்கொண்டுள்ளபடியால், ஆலை மீது மேல்நடவடிக்கை தேவையில்லை.

டீக்கடையில் மாயழகு அந்த உத்தரவை மூன்று தடவை சத்தமாகப் படித்தார். மூன்றாவது தடவை முடித்ததும் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனார், நாலு நாள் வெளியே வரவில்லை. யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

டவுனிலிருந்து ஜெசிந்தா என்ற வக்கீல் பெண் வந்தது அதற்குப் பிறகுதான். தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு மனுவைப் படித்தாள், கடைசிப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இந்த மூணு வரியை ஏண்ணே எழுதினீங்க?"

"எழுதாம எப்படித் தாயி? தடம் முடிஞ்ச ஊரு பதில் சொல்லணும்."

"தை மாசக் கடைசி வரைக்கும் மேல்முறையீடு செய்யலாம். அது தவறுதலா எழுதினதுன்னு ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க."

"தவறில்லையே."

"கோர்ட்டுக்குத் தவறுன்னு சொன்னாப் போதும்ணே."

மாயழகு கூட்டத்தைப் பார்த்தார். இருளாயி இருமி முடித்துவிட்டுச் சொன்னாள்: "அந்தச் சின்னப்பிள்ளைக் காலு வந்துச்சே, அதுக்கும் நாங்க பொறுப்பில்லன்னு எழுதச் சொல்றியாம்மா?"

ஜெசிந்தா மனுவை மடித்துப் பைக்குள் வைத்தாள். கிளம்பும்போது வண்டியில் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்: "ஒண்ணுகூடவா வெளிய போகல? ஒரே ஒரு தடம் ஊரை விட்டு வெளிய போச்சுன்னு காட்டினாக்கூட அந்த வரி நிக்காது. நீங்களும் பொய் சொன்ன மாதிரி ஆகாது."

அன்றிலிருந்து ஊர் எல்லைகளில் விடியலில் ஆள் நின்றது. புரட்டாசியில் நின்றார்கள். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை பெய்து, வந்த தடங்களையும் கரைத்துக்கொண்டு கண்மாய்க்குள் போனது. அப்போதும் சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றார்கள். மார்கழிப் பனியில் நின்றார்கள். தடங்கள் வந்தன, முடிந்தன. மார்கழியில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் இரண்டு பேர் மூச்சுத் திணறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், ஒரு பிள்ளைதான் திரும்பி வந்தது. மீனாள் மட்டும் எல்லைக்குப் போகவில்லை. ஊருக்காகத் தடம் பார்த்துச் சொன்னாள், பிறகு வீட்டுக்குப் போய், உள்ளே நின்ற காலைச் சுற்றி நடந்து கஞ்சி காய்ச்சினாள்.

தை இருபத்தாறாம் நாள் காலை ஒரு இடது கால் வந்தது.

அது தெருவில் யாருக்காகவும் நிற்காமல், வழியை அறிந்த கால் போல நேராக மீனாளின் வாசலுக்கு வந்து, படி தாண்டி உள்ளே போய், ஆவணியிலிருந்து நின்றுகொண்டிருந்த வலது காலின் பக்கத்தில் நின்றிருந்தது. அடுத்த காலையும் எடுத்திருக்கிறார்கள் என்று அவளுக்குப் புரிந்தது. அவள் அவற்றின் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். ஒரு ஆள் எழுந்து நிற்கும் அளவுக்கு இரண்டு கால்கள் அவள் வீட்டில் இருந்தன. வெளிச்சம் இன்னும் சரியாக வரவில்லை. அவள் ஏதோ பேசினாள், என்ன பேசினாள் என்பது யாருக்கும் தெரியாது.

வெளிச்சம் வந்தபோது தடம் அங்கே முடியவில்லை என்று பார்த்தாள்.

வலது, இடது, வலது என்று அது வீட்டுக்குள் நடந்திருந்தது. மாசியிலிருந்து வந்த ஒத்தடிகளில் அந்த ஊர் பார்த்த முதல் இரண்டுகால் தடம். அவள் படுத்திருந்த பாயின் ஓரமாகத்தான் போயிருந்தது, அங்கே நின்றதற்கான ஆழம் இல்லை. பின்கதவு வழியாக வெளியேறி ஆட்டுப்பட்டியின் படலுக்கு முன்னால் நின்றிருந்தது. அங்கே இரண்டு குதிகாலும் நன்றாக அழுந்தியிருந்தன, வெகுநேரம் நின்றிருக்கிறான், ஆடுகளைப் பார்த்திருக்கிறான். பிறகு மேற்கே திரும்பி, கரிசலில் இறங்கி, அவசரமில்லாத எட்டுகளாகப் போயிருந்தது. ஓரிடத்திலும் பெருவிரல் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

மீனாளின் கையில் விளக்குமாறு இருந்தது. சாம்பல் பஞ்சு போன்றது, பின்கதவிலிருந்து பட்டி வரைக்கும் பத்து இழுப்பு போதும். பத்து இழுப்பில் அவன் வீட்டுக்குள் வந்தவனாக, வந்து நின்றவனாக இருப்பான். வேலைக்குப் போனவன் திரும்பிவிட்டான் என்று இனிமேல் அவள் சொல்லலாம். கருவேல மரங்களுக்கு மேல் வெயில் ஏறினால் காற்றும் கிளம்பிவிடும், அவள் எதுவும் செய்யாமல் அப்படியே நின்றால்கூடப் போதும். பக்கத்து வீட்டில் இருளாயியின் பேத்தி இருமிக்கொண்டு எழுந்தது கேட்டது. அந்த இருமல் முடிவதற்காக மீனாள் காத்திருந்தாள். அது முடியவில்லை.

அவள் விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள். சாணி அள்ளும் கூடையை எடுத்துத் தட்டி, படலின் முன்னால் இருந்த தடத்தின் மேல் கவிழ்த்தாள். களவுத்தடம் கலையாமலிருக்க ஆட்டுக்காரர்கள் அப்படித்தான் செய்வார்கள். பிறகு தெருவுக்குப் போய் மாயழகுவின் கடை முன்னால் நின்றாள்.

"அண்ணே, கூடை வேணும். ஊருல இருக்கிற கூடையெல்லாம் வேணும்."

மாயழகு அடுப்பை விட்டு எழுந்தார். "யாரு தடம்?"

"எங்க வீட்டுத் தடம். வெளிய போயிருக்கு."

அவர் அவளையே பார்த்தார். கேட்க வந்ததைக் கேட்காமல், "நெசமா பாத்தியா தங்கச்சி?" என்று மட்டும் கேட்டார்.

"பாத்தேன்."

அரை மணி நேரத்தில் ஊர் கரிசலில் இறங்கியிருந்தது. கோழிக் கூடை, மண் அள்ளும் கூடை, பருத்திக் கூடை, சோறு வடிக்கும் தட்டு என்று கிடைத்ததை எல்லாம் கொண்டுவந்து, ஒரு தடத்துக்கு ஒன்றாகக் கவிழ்த்துக்கொண்டே மேற்கே போனார்கள். இருமுகிறவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்று இருமினார்கள். மாயழகு ஜெசிந்தாவுக்குப் போன் செய்தார். படம் எடுத்துவைக்கச் சொன்னாள், தான் வரும்வரை எதையும் தொட வேண்டாம் என்றாள். தடம் யாருடையது என்று அந்த அம்மா தன் வாயாலேயே சொல்லி எழுதித்தர வேண்டியிருக்கும் என்றாள். இதனால் சூளையை மூடிவிடுவார்களா என்று கேட்டதற்கு, திரும்ப விசாரிப்பார்கள் என்றாள். தெற்கே குழாயில் அன்றைய புகை கிளம்பி, எந்தப் பக்கம் சாய்வது என்று இன்னும் முடிவு செய்யாததைப் போல நேராக நின்றது.

மீனாள் எல்லோருக்கும் முன்னால் கடைசிக் கூடையோடு நடந்தாள். எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் பனையடி என்ற ஊர். பனையடிக்காரன் ஒருவன் மாடுகளை ஓட்டி வந்தவன், தன்னை நோக்கி வரிசையாக வந்துகொண்டிருக்கும் கவிழ்ந்த கூடைகளைப் பார்த்து மாடுகளைத் தள்ளி நிறுத்திவிட்டு நின்றிருந்தான். மீனாள் கல்லுக்கு இந்தப் பக்கத்தின் கடைசித் தடத்தில் கூடையைக் கவிழ்த்தாள்.

"இங்கிட்டா வருது?" என்று கேட்டான்.

"ஆமா. எங்க ஊருல முடியல. பாத்துக்கங்க."

அவன் குனிந்து தன் பக்கத்துச் சாம்பலைப் பார்த்தான். காற்று கிளம்பியிருந்தது, தடத்தின் விளிம்புகள் உதிரத் தொடங்கியிருந்தன.

"ரெண்டு காலும் இருக்கே. யாரு ஆளு?"

மீனாள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"சாத்தையா," என்றாள். "என் புருசன். என்னைய விட்டுட்டுப் போயிட்டாரு."

அவன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முதல் தடத்தின் மேல் விரித்து, நாலு முனையிலும் மண்ணாங்கட்டி வைத்தான். பிறகு தன் ஊரைப் பார்த்துத் திரும்பி, கூடை கொண்டுவரச் சொல்லிக் குரல் கொடுத்தான்.